மூன்றாவது துண்டிப்பு

அத்தியாயம் 14

போன வாரம் மைனாவை மாடி அறையில், உறைந்துபோன திரைக்கு முன்னால், இரண்டு கைகளும் அந்தரத்தில் நிற்க விட்டுவிட்டு வந்தோம். ஏழு நாளாக ஒரு பெண்ணை இப்படியா நிற்க வைப்பது என்று யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். கதையில் ஒரே ஒரு ராத்திரிதான் போயிருக்கிறது. அந்த ராத்திரி அவள் கண்ணை மூடவில்லை என்பது வேறு விஷயம்.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மைனா என்பது அவள் பெயரில்லை. ஓயாமல் பேசுகிறாள் என்று கல்யாணமான புதிதில் கணவன் வைத்த பெயர், ஒட்டிக்கொண்டுவிட்டது. அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த தொழிலோ கைகளால் பேசுவது. காது கேளாதவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனால், மருத்துவர் சொல்வதை வீடியோ வழியாக அவர்களுக்குச் சைகையில் சொல்வாள். அவர்கள் சைகையில் கேட்பதை மருத்துவருக்குக் குரலில் சொல்வாள். மாமியார் படுக்கையில் கிடந்த ஆறு வருடம் இந்த வேலையை விட்டிருந்தாள். மாமியார் போய் ஒரு வருடம் கழித்து, இப்போதுதான் திரும்பச் சேர்ந்திருக்கிறாள்.

மூன்று மாதம் சோதனைக் காலம். அதற்குள் அவள் பக்கத்திலிருந்து மூன்று முறை அழைப்பு அறுந்தால், பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். அழைப்புகள் பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும், அப்படியும் இரண்டு முறை அறுந்தாயிற்று. சோதனைக் காலம் இன்றோடு முடிகிறது. இன்றைக்கு ஒரே ஒரு அழைப்புதான், பதினோரு மணிக்கு.

வீட்டில் வைஃபைக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. மெஷ் என்று சொல்லி மூன்று வெள்ளைப் பெட்டிகளை வாங்கி வைத்திருக்கிறார்கள். முதல் பெட்டி கீழே ஹாலில், வெளியிலிருந்து லைன் வரும் மூலையில். இரண்டாவது மாடிப்படி திரும்பும் இடத்தில். மூன்றாவது மைனாவின் மேஜைமேல். ஒன்று சொல்வதை இன்னொன்று வாங்கி அடுத்ததற்குக் கொடுக்கும், வீட்டில் ஒரு மூலை பாக்கியிருக்காது என்று கடைக்காரர் சொன்னபோது கேட்க நன்றாகத்தான் இருந்தது. மூன்றும் கூடிப் பேசி அவள் உயிரை வாங்கும் என்று அவர் சொல்லவில்லை.

காலை ஒன்பது மணிக்கு நெட் பிரமாதமாக வந்தது. வேகத்தைச் சோதித்துப் பார்த்து, நோட்டில் குறித்துக்கொண்டாள். ஒன்பதே முக்காலுக்கு மூன்றாவது பெட்டியின் வெளிச்சம் வெள்ளையிலிருந்து சிவப்பாக மாறியது. ஐந்து நிமிடத்தில் வெள்ளையானது. மைனா நாற்காலியில் சாய்ந்தாள். உடனே சிவப்பு.

அவள் செய்யாத வைத்தியம் இல்லை. இரண்டாவது பெட்டியை ஃப்ரிட்ஜ் மேலிருந்து படித் திருப்பத்துக்கு மாற்றியதே அவள்தான். கண்ணாடி பதித்த பீரோவை ஒற்றை ஆளாக நகர்த்தி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் நடந்தாள். மைக்ரோவேவைக் காலையில் யாரும் தொடக்கூடாது என்று சட்டம் போட்டாள். ஒவ்வொரு பெட்டியாக அணைத்து, முப்பது எண்ணி, மறுபடி போட்டுப் போட்டு விரலே தேய்ந்துவிட்டது. அணைத்துப் போட்டால் நாலு நிமிடம் ஒழுங்காக இருக்கும். பிறகு பழைய கதைதான்.

பத்து மணிக்கு உதவி மையத்தை அழைத்தாள். எதிர்முனையில் இருந்த பெண்ணுக்கு இவள் குரல் பழகிப்போயிருந்தது. பெட்டிகளுக்கு நடுவில் இரும்பு ஏதாவது இருக்கிறதா, மீன்தொட்டி இருக்கிறதா, பக்கத்து வீட்டு வைஃபை குறுக்கே வருகிறதா என்று வரிசையாகக் கேட்டாள். மைனா வரிசையாக இல்லை என்றாள். லேப்டாப்பை நேராகக் கேபிளில் போட்டுப் பார்க்கச் சொன்னாள். ஆபீஸ் கொடுத்த லேப்டாப்பில் கேபிள் சொருக இடமே கிடையாது. அதுவுமில்லாமல் நோயாளி விஷயம் பேசுவதைக் கதவு மூடிய அறையில்தான் பேச வேண்டும் என்பது ஆபீஸ் விதி. மொபைல் நெட்டிலும் பேசக்கூடாது, கை அசைவு மங்கிவிடும் என்பது இன்னொரு விதி.

கடைசியாக அந்தப் பெண், முதல் பெட்டியின் பின்னால் கேபிளெல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று ஒரு தடவை பார்க்கச் சொன்னாள். மைனா கீழே இறங்கிப் போய் எட்டிப் பார்த்தாள். மெழுகு நூலால் கட்டி, சுவரோடு சுவராகப் படிய வைத்து, கேபிளெல்லாம் அணிவகுத்து நின்றன. மாமனாரின் கைவேலை. அவர் முப்பத்தோரு வருடம் டெலிபோன் லைன்மேனாக இருந்தவர். ஒழுங்காகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு மாடிக்கு வந்தாள்.

வந்து நோட்டைத் திறந்தாள். அதுதான் இன்றைய வினை.

மூன்று மாதமாகக் குறித்து வைத்த நேரங்கள். காலை ஒன்பது மணி வரை நெட் இருக்கிறது. ஒன்பதரைக்கு மேல் வருவதும் போவதுமாக இருக்கிறது. ஒரு மணிக்குச் சொல்லிவைத்தாற்போல் சரியாகிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் நாள் முழுக்க நன்றாக இருக்கிறது. இதைப் படிக்கப் பெரிய மூளை வேண்டியதில்லை. கணவன் ஒன்பது மணிக்கு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கட்டட வேலை நடக்கும் இடத்துக்குப் போகிறான். ஒரு மணிக்கு வீடு திரும்பி, ஹாலில் உட்கார்ந்து, கேபிளைச் சொருகி, கட்டட வரைபடங்களை அனுப்ப ஆரம்பிக்கிறான். ஞாயிற்றுக்கிழமை எங்கும் போவதில்லை. அவன் இருந்தால் நெட் இருக்கிறது. அவன் போனால் நெட்டும் போகிறது.

சந்தேகம் அவளுக்குள் ஒரு மாதமாகவே இருந்தது. வேலைக்கு உத்தரவு வந்த அன்று, அவன் சிரித்துக்கொண்டே சொன்ன ஒரு வாக்கியம் அதற்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது. எத்தனை நாளைக்கு என்று பார்ப்போம் என்று சொல்லியிருந்தான். பெட்டிகளை வாங்கி, கடவுச்சொல் போட்டு, எல்லாவற்றையும் அமைத்தவனும் அவன்தான். தன் வேலைக்கு மட்டும் முன்னுரிமை கொடுத்து எதையாவது மாற்றி வைத்திருக்கிறானோ?

போன் போட்டாள். அங்கே கான்கிரீட் கலவை இயந்திரம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. அவள் கேட்டது அவனுக்குப் பாதிதான் கேட்டிருக்கும். பதினோரு மணி அழைப்பு என்பது மட்டும் புரிந்தது. வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வருகிறேன் என்றான்.

பத்தே முக்காலுக்கு வந்துவிட்டான். சட்டையெல்லாம் சிமென்ட். யாரோடும் பேசாமல் ஹால் மூலைக்குப் போனான், முதல் பெட்டியின் பின்னாலிருந்து ஒரு கேபிளின் முனையை உருவித் தன் லேப்டாப்பில் சொருகினான், திரையைப் பார்த்தான்.

“இங்க நல்லாத்தானே வருது” என்றான்.

மைனா மாடிக்கு ஓடிப் பார்த்தாள். மேஜைமேல் பெட்டி வெள்ளை வெளேரென்று எரிந்தது. அவளுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. விடுவிடுவென்று இறங்கி வந்தாள்.

“நீங்க லேப்டாப்பைத் திறந்தா வருது. மூடிட்டுப் போனா போயிடுது. எப்படிங்க இது?”

“தெரியலை. அதைப் பாக்கத்தானே வந்தேன்.”

“எத்தனை நாளைக்குன்னு பாப்போம்னு சொன்னீங்களே. பாத்துட்டீங்க. மூணு மாசம்.”

“மைனா, அது விளையாட்டுக்குச் சொன்னது.”

“நான் வேலைக்குப் போறது பிடிக்கலைன்னா முகத்துக்கு நேரா சொல்லியிருக்கலாம். சண்டை போட்டிருப்பேன், அவ்வளவுதான். இப்படி நோயாளிங்க முன்னாடி என்னை அசிங்கப்பட வைக்கணுமா?”

மாமனார் துடைக்கும் துணியோடு ஜன்னல் ஓரம் நின்றுகொண்டிருந்தார். அவர் எதிரில் இப்படிப் பேசியிருக்கக் கூடாது என்று பேசி முடித்தபிறகு அவளுக்கு உறைத்தது. அதற்காக நிறுத்துகிற நிலையில் அவள் இல்லை.

கணவன் அவளையே பார்த்தான். லேப்டாப்பிலிருந்து கேபிளை உருவிக் கீழே விட்டான், லேப்டாப்பைப் பையில் வைத்தான், செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். கதவைக்கூட அறைந்து சாத்தவில்லை. கோபம் வந்தால் கத்தாத மனுஷனோடு எப்படித்தான் சண்டை போடுவது?

பதினோரு மணி. மைனா முகம் கழுவி, கறுப்புச் சட்டை மாட்டி, மோதிரத்தையும் வளையலையும் கழற்றி வைத்துவிட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

திரையில் ஒரு தச்சர். ஐம்பது வயதிருக்கும். உளி வழுக்கி வலது கையில் ஆழமாக இறங்கிவிட்டது. மதியம் ஆபரேஷன். பக்கத்தில் மருத்துவர், கையில் சம்மதத் தாள். தச்சர் தன் கட்டுப் போட்ட வலது கையை மடியில் குழந்தையைப் போல வைத்துக்கொண்டு, இடது கையால் மட்டும் பேசினார். அவருக்கு அந்த வலது கை தொழில் மட்டுமில்லை, பேச்சும் அதுதான். பாதிப் பேச்சை இழந்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார் என்பது பார்த்ததும் மைனாவுக்குப் புரிந்தது.

பத்து நிமிடம், பதினைந்து நிமிடம். நெட் அசையவில்லை. எந்த நரம்பைத் தைப்பார்கள், எத்தனை நாள் கட்டு இருக்கும் என்று மருத்துவர் சொல்லச் சொல்ல மைனாவின் கைகள் ஓடின. பதினொன்று இருபதுக்கு மருத்துவர் கொஞ்சம் தயங்கி, கட்டைவிரலும் மற்ற மூன்று விரல்களும் பழையபடி ஆகிவிடும், மோதிர விரலில்தான் ஒரு பிரச்சினை என்றார். மைனா மோதிர விரலைத் தொட்டுக் காட்டினாள். பிரச்சினை என்றாள்.

தச்சரின் முகம் அப்படியே நின்றது. மருத்துவரின் வாய் பாதி திறந்தபடி நின்றது. மேஜைமேல் சிவப்பு வெளிச்சம்.

திரையில் எழுத்து வந்தது. உங்கள் பக்கத்து இணைப்பு துண்டிக்கப்பட்டது.

மைனா அழவில்லை. அழுவதற்கு நேரம் எங்கே? அந்த மனிதர் அங்கே ஒரு விரலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். முதல் பெட்டியை அணைத்துப் போடலாம் என்று இரண்டு இரண்டு படியாகத் தாவி இறங்கினாள்.

ஹால் மூலையில் மாமனார் குந்தி உட்கார்ந்திருந்தார். கையில் மெழுகு நூல். சண்டை சச்சரவு என்றால் அவர் ஏதாவது ஒரு வேலையில் முகத்தைப் புதைத்துக்கொள்வார், அது அவர் வழக்கம்.

“என்ன மாமா பண்றீங்க?”

“ஒண்ணுமில்லம்மா. அவன் வயரை அப்படியே தொங்க விட்டுட்டுப் போயிட்டான். எடுத்துச் சொருகிக் கட்டினேன்.”

மைனா குனிந்து பார்த்தாள். ஒரே கேபிள். அதன் ஒரு முனை பெட்டியில் இருந்தது. வளைந்து சுற்றி வந்து, இன்னொரு முனையும் அதே பெட்டியில், பக்கத்து ஓட்டையில் இருந்தது. அவளுக்கு இந்த வித்தையெல்லாம் தெரியாது. ஆனால் நோட்டில் எழுதிய நேரங்கள் அவளுக்கு மனப்பாடம்.

“தினமும் சொருகுவீங்களா?”

“ஆமா. அவன் ஒன்பது மணிக்குக் கிளம்பினதும் ஹாலைத் துடைப்பேன் இல்ல, அப்போ. முனை தொங்கினா எனக்குக் கண்ணை உறுத்தும்மா. எங்க வேலையில அப்படி விட்டுட்டுப் போனா நோட்டீஸ் கொடுத்துடுவாங்க.”

அவள் அந்த முனையைப் பிடுங்கினாள். நூலும் சேர்ந்து அறுந்தது. பெட்டியில் பேய் பிடித்தாற்போல் துடித்துக்கொண்டிருந்த பச்சைப் புள்ளிகள் மெல்ல அடங்கின. படித் திருப்பத்தில் வெள்ளை. மாடியில் வெள்ளை.

அவள் திரும்பத் திரைக்கு வந்து சேர ஆறு நிமிடம் ஆகிவிட்டது. தச்சர் அங்கேயே இருந்தார். இடது கையால் வலது கையின் கட்டை மூடிப் பிடித்திருந்தார், உதடு வெளுத்திருந்தது. விரலை எடுத்துவிடப் போகிறார்கள் என்றே அவர் நினைத்துவிட்டார். மைனா நெஞ்சில் கை வைத்து முதலில் மன்னிப்புக் கேட்டாள். பிறகு விட்ட இடத்திலிருந்து சொன்னாள். விரல் இருக்கும். முழுதாக மடங்காமல் போகலாம், அவ்வளவுதான்.

அவர் கண்ணை மூடித் திறந்தார். மடங்காத விரலோடு பேசினால் ஜனங்களுக்குப் புரியுமா என்று கேட்டார். கொஞ்சம் கொச்சையாகத் தெரியும், ஆனால் புரியும் என்றாள் மைனா. அவர் முதல்முறையாகச் சிரித்தார். இடது கையால் கையெழுத்துப் போட்டார்.

அழைப்பு முடிந்ததும் ஆபீஸிலிருந்து இரண்டு வரி வந்திருந்தது. மூன்றாவது துண்டிப்பு பதிவாகியிருக்கிறது. நாலு மணிக்கு மேற்பார்வையாளர் பேசுவார், காரணத்தை எழுத்தில் தயாராக வைத்திருக்கவும்.

மறுபடி அழைத்தபோது உதவி மையத்துப் பெண் எல்லாவற்றையும் விளக்கினாள். பெட்டி அனுப்புவது அந்தக் கேபிள் வழியாகப் பெட்டிக்கே திரும்பி வருமாம். சொன்னதையே சொல்லிச் சொல்லி மூச்சு முட்டி விழுந்துவிடும், சுதாரித்து எழுந்திருக்கும், மறுபடி விழும். மற்ற இரண்டு பெட்டிகளும் அதை நம்பித்தானே இருக்கின்றன. லேப்டாப்பில் அந்த முனை இருந்தாலும் சரி, சும்மா தொங்கினாலும் சரி, வம்பில்லை. சும்மா தொங்கினால் வம்பில்லை என்பதை மைனா மாமனாரிடம் சொல்லவில்லை. சொல்லாமலே அவர் முகம் சரியில்லை.

அவர் ஹால் நாற்காலியில் நூல்கண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாமியாரைத் தூக்கி உட்கார வைக்க, படுக்க வைக்க என்று ஆறு வருடம் மைனாவோடு சேர்ந்து தோள் கொடுத்த மனிதர். அவர்மேல் கோபப்பட்டுப் பார்த்தாள். வரவில்லை. வந்த கோபத்தையெல்லாம் பத்தே முக்காலுக்கே செலவழித்துவிட்டாள். அதுவும் ஆள் மாறி.

“நான் சரி பண்றதா நினைச்சேன்மா. யார் பண்ணினதுன்னு கேட்டா என்னைச் சொல்லு. எனக்கு ஒண்ணும் ஆகப்போறதில்லை” என்றார்.

அவள் காரணத்தை எழுதினாள். வீட்டில் கேபிளைத் தவறாக இணைத்திருந்தோம், கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டோம். யார் என்று எழுதவில்லை.

நடுவில் கணவனுக்கு ஏழு முறை போன் போட்டாள். எடுக்கவில்லை. ஒரு மணி ஆயிற்று, வரவில்லை. கேபிளை நினைக்க நினைக்க அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. அந்த முனை பெட்டியில் சொருகியிருப்பதை அவன் தினமும் பார்த்திருக்கிறான், ஆணியில் துண்டை மாட்டி வைப்பதுபோல அப்பா மாட்டி வைக்கிறார் என்று விட்டிருக்கிறான். அவளும்தான் இன்று காலை எட்டிப் பார்த்தாள். ஒழுங்காக இருக்கிறது என்று தன் வாயாலேயே சொன்னாள்.

நாலு மணிக்கு மேற்பார்வையாளர் பேசினார். கறாரான பெண்மணி. அவள் எழுதியதை இரண்டு முறை படித்தார். ஆஸ்பத்திரியில் உடனே வேறு மொழிபெயர்ப்பாளரைக் கொடுக்கிறோம் என்று கேட்டும் தச்சர் தலையசைத்து மறுத்துவிட்டாராம், அந்தப் பெண் வருவாள் என்று ஆறு நிமிடம் காத்திருந்தாராம். மருத்துவர் அதைக் குறிப்பாக எழுதி அனுப்பியிருந்தார். பெயரை எடுக்கப் போவதில்லை, சோதனைக் காலத்தை இன்னும் ஒரு மாதம் நீட்டிக்கிறோம், இனி ஒன்றுகூட அறக்கூடாது என்று சொல்லிப் போனை வைத்தார்.

மைனா நெடுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். இதை முதலில் யாரிடம் சொல்ல வேண்டுமோ அவன் போனை எடுக்கவில்லை.

ஐந்தரைக்கு அவனே வீடியோவில் அழைத்தான். பின்னால் கம்பெனியின் ஆபீஸ் அறை தெரிந்தது, சுவர் முழுக்க வரைபடம். அவள் அவனைப் பேசவே விடவில்லை. கேபிள், இரண்டு முனை, மாமா, தச்சர், மேற்பார்வையாளர் எல்லாவற்றையும் மூச்சு விடாமல் கொட்டினாள்.

“தப்பு என்மேலதான். உங்களைப் போய் அப்படிக் கேட்டுட்டேன். வீட்டுக்கு வாங்க” என்றாள்.



“அப்பாவைத் திட்டிடாதே” என்றான்.

“திட்டலை.”

“நல்லது. வேலை நிலைச்சுதே, அது போதும்.” கழுத்தைத் தேய்த்துக்கொண்டான். “மைனா, தூரத்துல ஒரு பாலம் வேலை இருக்கு. ஒரு வருஷம் அங்கேயே தங்கி இருக்கணும். ரெண்டு மாசமா கூப்பிட்டுக்கிட்டே இருந்தாங்க. உன் வேலை ஒரு நிலைக்கு வரட்டும், அதுவரைக்கும் நகர மாட்டேன்னு சொல்லியிருந்தேன்.”

மைனா நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்துக்கொண்டாள்.

“மத்தியானம் சரின்னு சொல்லிட்டேன். கையெழுத்தும் போட்டாச்சு. நாளன்னைக்குக் கிளம்பணும்.”

“மாத்த முடியாதா?”

“எனக்குப் பதிலா போக இருந்தவருக்கு வேற இடம் கொடுத்துட்டாங்க.” நிமிர்ந்து நேராகப் பார்த்தான். “கோவத்துலதான் போட்டேன். பொய் சொல்ல விரும்பலை. ஆனா நான் உனக்குக் குழி பறிப்பேன்னு நீ நினைச்சேன்னா, நான் ஒரு வருஷம் தள்ளி இருக்கறது நல்லதுதான்.”

அவன் கண்ணோரச் சுருக்கம், இமையில் ஒட்டியிருந்த சிமென்ட் தூசி, ஒன்றுவிடாமல் தெரிந்தது. ஒரு வார்த்தை விட்டுப்போகவில்லை. மூன்று மாதமாக அறுந்துவிடக் கூடாது என்று தவம் கிடந்தவளுக்கு, இந்த ஒரு அழைப்பு மட்டும் இப்போதே அறுந்து தொலைந்தால் என்ன என்றிருந்தது.

மேஜைமேல் பெட்டி வெள்ளையாக எரிந்துகொண்டிருந்தது. கீழேயிருந்து மாமனார் குரல் கொடுத்தார்.

“அவன்தானேம்மா பேசறான்? எப்போ வீட்டுக்கு வர்றான்னு கேளு.”